‘ஒருவேளை’ என்று சொல்லக் கூடாத வீடு

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், முதலாளியின் கண்ணாடி அறைக்குள், ஒரு மத்தியான வேளையில் நடந்தது இது. எதிரே கம்ப்யூட்டர். அதன் திரையில் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு மனிதர். அவர் கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பதில் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் வீட்டு வழக்கம் விடவில்லை.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மாமியாரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கும் ஸ்பானிஷ் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டே இருப்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விருதுநகரில் பி.காம். முடித்துவிட்டு, அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலையில் சேர்ந்தவள் நான். நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள், பட்டாசு ஆலைச் சுவர்களில் ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்பு என்று எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். சில வருடங்களுக்கு முன்பு, ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்குக் குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகம் அச்சடிக்கிற ஆர்டர் வந்தது. எழுத்து எல்லாம் ஆங்கில எழுத்துத்தான், ஆனால் ஒரு வரிகூடப் புரியாது. ஆர்டர் கொடுத்தவர்களோ போனில் வேகமாகப் பேசுவார்கள். முதலாளி ‘எஸ், எஸ்’ என்பார். பிறகு எல்லாம் தப்பாக அச்சாகி, லோடு திரும்பி வருமோ என்று எல்லாரும் முகத்தை முகத்தைப் பார்ப்போம்.

எனக்கு ஒரு குணம் உண்டு. புரியாத ஒன்று தினமும் கண் முன்னால் வந்து நின்றால் எரிச்சல் வந்துவிடும். அந்த எரிச்சலில்தான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் முதலாளிக்குப் பதிலாக நான் ‘சி, சி’ என்று, அதாவது ஸ்பானிஷில் ‘ஆமாம், ஆமாம்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வித்தியாசம், எதற்குச் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஸ்பெயினில் இருக்கும் ஒரு ஆசிரியையிடம் வீடியோ வகுப்புக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. அந்தப் பெண் என்னைவிட பதினைந்து வயதாவது சின்னவள் இருப்பாள். சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்துவாள்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். ஆர்டர் கொடுக்கும் கம்பெனி இனி பெரிய அளவில் வேலை கொடுக்கப் போகிறது. அவர்களோடு பேசுவதற்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டும். அவர்கள் தரப்பிலேயே வீடியோவில் பேச்சுத் தேர்வு வைப்பார்கள். தேறினால் அந்தப் பொறுப்பும் அதற்கேற்ற சம்பளமும் எனக்கு.

சந்தோஷமான செய்திதான். ஆனால் எனக்கு அந்தப் பதவியில் பெரிய ஆசை இருந்தது என்று சொல்ல முடியாது. ஆசை வேறு ஒன்றில் இருந்தது. என் வீட்டுக்காரர் பயராபீஸில் மருந்து கலக்குகிறவர். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்பார்கள். வெடிக்குள் போடும் ரசாயனத் தூளுக்குப் பெயர் மருந்து. மற்ற வேலைகளைவிட அதில் கூலி கூடுதல். ஏன் கூடுதல் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கூலி இல்லாமல் எங்கள் வீடு ஓடாது. செய்தியைச் சொன்னதும் அவர் சொன்ன ஒரே வார்த்தை இதுதான்: “உனக்கு அது கெடைச்சிருச்சுன்னா, நான் மருந்தைத் தொடல பிள்ள.”

ஆக, நான் தேறினால் அவர் வெளியே வருவார். தேறாவிட்டால் உள்ளே இருப்பார்.

இனி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு காலை. தெருமுனையில் கம்பெனி வேன் ஹார்ன் அடிக்கிறது. அவர் தூக்குவாளியோடு வாசல்படி இறங்குகிறார். நான் புது மருமகளுக்குரிய அக்கறையோடு, “ஒருவேளை வர லேட்டாச்சுன்னா ஒரு போன் போட்டுருங்க” என்றேன். அவ்வளவுதான். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“ஏலே, நில்லு. உள்ள வா. உக்காரு. தண்ணி குடி.”

மகன் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வேன் இரண்டு மூன்று முறை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. மாமியார் என் பக்கம் திரும்பினார்.

“வாசல்ல எறங்குற ஆளப் பாத்து லேட்டாச்சுன்னாங்குற. நாளைக்கு வராட்டிம்ப. அதுக்கு அப்பறம் என்னத்தச் சொல்லுவ? இங்கன ஒருவேளைங்கிற பேச்சே கெடையாது, தெரிஞ்சுக்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவள் அல்லவா, மூடநம்பிக்கை என்று மனசுக்குள் ஒரு முத்திரை குத்திவிட்டு நகர்ந்தேன். பிறகுதான் தெரு முழுக்க அப்படித்தான் என்று தெரிந்தது. பயராபீஸுக்குப் போகிற ஆளிடம் காலையில் யாரும் ‘பாத்துப் போங்க’ என்றுகூடச் சொல்வதில்லை. சாயங்காலம் வரும்போது எதையாவது வாங்கிவரச் சொல்வார்கள். “வாரப்போ கறிவேப்பில வாங்கிட்டு வாங்க.” “வாரப்போ பிள்ளைக்குச் சேவு வாங்கிட்டு வாங்க.” எங்கள் தெருவில் வேன் வரும் நேரத்தில் நின்று கேட்டால், ஊரே சந்தைக்கு ஆள் அனுப்புகிறது என்று நினைப்பீர்கள். வீட்டில் கறிவேப்பிலை மரமே இருந்தாலும் வாங்கிவரச் சொல்வார்கள். மாமியாருடைய கூடப் பிறந்த தம்பி ஒருவர் பயராபீஸ் விபத்தில் போனவர். அன்று காலை அவரிடம் யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று மாமியார் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வருடங்கள் போகப் போக அந்தப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. ‘வராட்டி’ என்ற சொல் அவரைப் பற்றி என் வாயில் வராது. வரவைக்க நினைத்தாலும் வராது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஸ்பானிஷில் அந்தப் பாடம் வந்தது.

அந்த மொழியில் வினைச்சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. நடந்தது, நடப்பது, நடக்கும் என்று நாம் உறுதியாக நினைப்பது ஆகியவற்றுக்கு ஒரு வடிவம். ‘வியெனே’ என்றால் வருகிறார். ஆனால் அவர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால், வருவாரா என்று சந்தேகப்பட்டால், வராமல் போவாரோ என்று பயந்தால், அதே வினை வேறு வடிவத்துக்கு மாறி ‘வெங்கா’ ஆகிவிடும். இன்னும் நடக்காமல், நம் மனசுக்குள் மட்டும் இருக்கிற வருகைக்கு அந்த வடிவம். அதற்குப் பெயர் ‘சுப்ஹுன்தீவோ’. நம் ஊரில் ‘வரணும்’, ‘வரட்டும்’, ‘வராம இருக்கணுமே’ என்று சொல்கிறோமே, அதன் தூரத்துச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தேர்வில் இது வராமல் தேற முடியாது என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

விதி எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அட்டவணை எல்லாம் மனப்பாடம். சிக்கல் வீட்டுப்பாடத்தில் வந்தது. உங்கள் குடும்பத்தினரைப் பற்றி ‘எனக்குச் சந்தேகம்’, ‘எனக்குப் பயம்’ என்று தொடங்கி வாக்கியங்கள் எழுதி வாருங்கள் என்றாள். நான் மழையைப் பற்றி எழுதினேன். அச்சு மையைப் பற்றி எழுதினேன். முதலாளியின் பழைய கார் நாளைக்குக் கிளம்புமா என்பது பற்றிப் பல கோணங்களில் எழுதினேன். வீட்டுக்காரரைப் பற்றி வரும்போது மட்டும், ‘என் கணவர் வருகிறார். கறிவேப்பிலை கொண்டு வருகிறார்’ என்று உறுதி வடிவத்தில் எழுதி முடித்துவிடுவேன். வகுப்பில் வாய்விட்டுக் கேட்டாலும் அப்படித்தான். அவள் ‘வெங்கா’ என்று எடுத்துக் கொடுப்பாள். நான் ‘வியெனே’ என்பேன். அவளுக்கு நான் மக்கு என்று தோன்றிவிட்டது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக, படம் போட்டு, மறுபடி மறுபடி விளக்க ஆரம்பித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் காரணத்தைச் சொல்லவும் கூச்சம்.

கடைசியில் முதலாளி ஒருநாள் என் மேசை அருகே வந்து நின்றார். “ஏம்மா, அந்த டீச்சரம்மா மெயில் போட்டிருக்காக. முக்கியமான பாடம் உங்களுக்கு இன்னும் பிடிபடலயாம். தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லுவோமா? அவுக வேற ஆளப் பாத்துருவாகளேன்னுதான் யோசிக்கேன்.”

அன்று வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேன், மாமியார், கறிவேப்பிலை எல்லாம். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள். “உங்கள் வீட்டு ஆள் வேண்டாம். என் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்தேகம், பயம் எல்லாவற்றையும் அவன் மேல் போடுங்கள்.”

அவளோடு ஒரே வீட்டில் இருந்த காதலனைத்தான் சொன்னாள். எனக்கு முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. ஊரான் வீட்டு ஆள்தானே என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் அவள் சிரித்துக்கொண்டே வற்புறுத்தினாள். அவன் சில நேரம் பின்னால் சட்டையில்லாமல் பல் தேய்த்துக்கொண்டு போவான், எனக்குக் கையாட்டுவான். பிறகு என்ன, அடுத்த சில வாரங்கள் அந்தப் பையன் பட்ட பாடு சொல்லி முடியாது. அவன் ரயிலைத் தவறவிட்டானோ என்று பயந்தேன். அவன் சமைத்ததை யாராவது சாப்பிடுவார்களா என்று சந்தேகப்பட்டேன். ஏணியிலிருந்து விழுந்திருப்பானோ, வேலை போயிருக்குமோ, சாவியைத் தொலைத்திருப்பானோ என்று கவலைப்பட்டேன். கடைசியாக ஒருநாள், ‘அவன் திரும்பி வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். அவள் கைதட்டினாள். அந்த வரியையே ஸ்பானிஷில் ‘துதோ கே வெங்கா’ என்று இருவரும் சேர்ந்து பாட்டுப் போலச் சொன்னோம்.

இரண்டு வாரத்தில் அவன் போய்விட்டான். ஏணியில் இருந்து விழவில்லை, ரயிலைத் தவறவிடவும் இல்லை. வேறு ஊரில் வேலை, வேறு ஒரு பெண். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

வீங்கிய கண்ணோடு அவள் திரையில் வந்து இதைச் சொன்னபோது, என் மாமியார் என் முதுகுக்குப் பின்னால் முறத்தோடு நிற்பது போல இருந்தது. நான் சொன்னேன், நடந்துவிட்டது. மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று தமிழிலேயே சொன்னேன் போலிருக்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. “நீங்கள் சந்தேகப்பட்டதால் அவன் போகவில்லை. நான் சந்தேகப்படாததால்தான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எத்தனையோ நாளாக அவன் அலமாரியில் துணி குறைந்துகொண்டே வந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் வாய் முழுதாகக் கட்டிப்போயிற்று. இப்போது முதலாளியின் காரைப் பற்றிக்கூடச் சந்தேகப்பட முடியவில்லை. தேர்வு நாள் வந்துவிட்டது.

அன்று காலை வேன் வந்தபோது, “வாரப்போ வெள்ளரிப் பிஞ்சு வாங்கிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினேன். சித்திரையில்தான் எங்கள் பக்கம் வெள்ளரி நன்றாக இருக்கும். மாமியார் திருநீறு பூசிவிட்டு, “போயிட்டு வா. வேலை உனக்குத்தான்” என்றார். அவருக்கு அதில் எந்த ‘ஒருவேளை’யும் இல்லை.

அச்சகத்தில் முதலாளி தன் அறையையே எனக்குக் காலி செய்து கொடுத்தார். “பதறாமப் பேசுங்கம்மா. நான் உள்ள வரல, வெளியதான் நிக்கேன்” என்றவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அச்சான தாள்களைப் புரட்டிப் பார்ப்பது போல நின்றுகொண்டார். ஒரே தாளைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வு நடத்தியவர் நடுத்தர வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். முதல் பகுதி சுலபமாகப் போயிற்று. என் வேலை, எங்கள் ஊர், வெயில். அடுத்து திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு சாப்பாட்டு மேசை. இரண்டு தட்டு. ஒரு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். இன்னொரு நாற்காலி காலி. “இந்தப் பெண்ணின் கணவர் இன்னும் வரவில்லை. அந்தப் பெண் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகியிருக்கலாம்? எதற்காகப் பயப்படுகிறீர்கள்? சொல்லுங்கள்” என்றார்.

இந்த இடத்தில்தான் நான் வாயடைத்துப்போனேன். யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர் அந்த நேரம், காலையில் கலந்த மருந்துக்குப் பக்கத்தில்தான் ஆலைக்குள் இருக்கிறார். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டுமானால், அவரைப் பற்றிச் சொல்லவே கூடாததை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணாடிக்கு வெளியே முதலாளி தாளைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

“ஐயா, எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை” என்றேன். “என் கணவர் எப்படி ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து சேர்கிறார் என்று வேண்டுமானால் சொல்கிறேன். கேட்பீர்களா?”

அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு, சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

நான் ஆலைகளுக்காக எத்தனையோ முறை கம்ப்யூட்டரில் அமைத்த பாதுகாப்பு அறிவிப்பு கண் முன்னால் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வாசலில் போனைக் கொடுத்துவிடுவார், அது உள்ளே ஒலிக்காமல் இருக்க. செருப்பைக் கழற்றிவிடுவார், மணல் ஒட்டிக்கொண்டு உள்ளே வராமல் இருக்க. இடுப்புக் கயிற்றில் கட்டிய தாயத்தைக்கூட எடுத்துவிடுவார், அது எதிலும் உரசாமல் இருக்க. கதவோரம் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே காலெடுத்து வைக்கும் முன் உள்ளங்கையை அதில் அழுத்தி வைப்பார், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி, பொறி பறக்காமல் இருக்க. வெயில் ஏறும் முன்பே கலந்து முடித்துவிடுவார். ஒரு நேரத்துக்குக் கொஞ்சம்தான் எடுப்பார். அறையில் கூட்டம் சேர விடமாட்டார்.

பேசப் பேசத்தான் எனக்கே உறைத்தது. ‘பாரா கே நோ’ என்றால் அப்படி ஆகாமல் இருக்க. ‘ஆன்தெஸ் தெ கே’ என்றால் அது நடக்கும் முன்பே. இரண்டுக்கும் பின்னால் வரும் வினை அந்தச் சந்தேக வடிவத்தில்தான் வரவேண்டும். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை, வினைகள் வரிசையாக அந்த வடிவத்திலேயே வந்து விழுந்தன. எங்கள் வீட்டில் வாய்தான் ஒருவேளை என்று சொல்வதில்லை. அவருடைய கை தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. செம்புத் தகட்டில் அவர் உள்ளங்கையை வைக்கும் ஒவ்வொரு முறையும், தான் வராமல் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வைக்கிறார். இதைப் பல வருடம் கூடவே இருந்தும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மேற்கே இடி இடித்தது. கோடை மழைக்கான இடி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தேர்வாளரும் அதைக் கேட்டுவிட்டார். அது என்ன சத்தம் என்றார், கொஞ்சம் பதற்றத்தோடு.

“இடி” என்றேன். “இடி கேட்டால் எல்லாரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தள்ளியிருக்கும் ஓய்வுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். இடித்துவிட்டது. இப்போது வெளியே வந்திருப்பார்.”

பிறகு, தேர்வாளர் என்ற கடமைக்காகவோ என்னவோ, மெதுவாகக் கேட்டார். “ஒருநாள் அவர் அந்தத் தகட்டைத் தொட மறந்துவிட்டால்?”

நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “தொடுவார்.”

அதை மட்டும் உறுதி வடிவத்தில் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினார். நன்றி சொன்னார். திரை அணைந்தது.

கதவைத் திறந்ததும் முதலாளி, “என்னம்மா, இம்புட்டு நேரம் பேசுனீக. நல்லதா கெட்டதா?” என்றார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அதைவிட, இடி விட்டு விட்டு இடித்துக்கொண்டிருந்தது, என் வீட்டுக்காரர் போனோ ஆலை வாசலில் கிடக்கிறது. சிவகாசியிலிருந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நனைந்துகொண்டே போனேன். ஷட்டரை இறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா திட்டிய பிறகுதான் இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றேன். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் வந்து நின்றுகொண்டார். வேன் வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. தெருவில் மற்ற வாசல்களிலும் பெண்கள் நின்றார்கள். யாரும் யாரிடமும், ஏன் இன்னும் காணோம் என்று கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் நன்றாக இறங்கிய பிறகு தெருமுனையில் வேன் திரும்பியது. அவர் தொப்பலாக நனைந்து இறங்கினார். கையில் ஒரு பாலிதீன் பையில் வெள்ளரிப் பிஞ்சு.

“ரோட்டுல தண்ணி. வேன் நகரல” என்றார். “இந்தா பிள்ள. பரீச்சையில என்ன கேட்டாக?”

“உங்களைப் பத்தித்தான்.”

“என்னைப் பத்தியா? ஸ்பெயின்லயா? அங்கன என்னை யாருக்குத் தெரியும்?”

மாமியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாசலில் வைத்தே அழுதுவிட்டேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். எதிர் வீட்டு அக்கா மறுநாள் விசாரித்தார்.

முடிவு சில நாளில் வந்தது. தேறிவிட்டேன். முதலாளி அச்சகத்துக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆசிரியைக்குப் போன் போட்டபோது அவள் கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது. அந்தப் பையனைப் பற்றி இருவருமே பேசவில்லை. என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாதக் கடைசியில் பயராபீஸில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இப்போது எங்கள் அச்சகத்து குடோனில் பண்டல் கட்டுகிற பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். குடோன் கதவுக்குள் நுழையும் முன் ஒரு நொடி நின்று, இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் இன்றும் உள்ளே போகிறார். அங்கே இருப்பது எல்லாம் வண்ணம் தீட்டும் புத்தகம்தான். கூட வேலை செய்கிறவர்கள் கும்பிடுகிறார் என்று நினைக்கிறார்கள்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் எங்கள் தெருவில் கம்பெனி வேன் இன்னும் வருகிறது. அவர் விட்ட இடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் ஒருவர், அப்போதுதான் கல்யாணம் ஆனவர், கூலி கூடுதல் என்று அந்த வேலையை வாங்கிக்கொண்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் அதே நேரத்தில்தான் அவர் வேனில் ஏறுகிறார். அவர் மனைவி வாசலில் நின்று குரல் கொடுப்பது எங்களுக்குக் கேட்கும்.

“வாரப்போ பூ வாங்கிட்டு வாங்க.”

எங்கள் வீட்டுக்காரர் அந்த நேரம் வேறு பக்கம் பார்ப்பார். நான் அந்த வேன் கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், ‘கே வெங்கா’ என்று சொல்லிக்கொள்வேன். அவர் வரட்டும் என்று பொருள். என் வீட்டு ஆளை வெளியே கொண்டுவரக் கற்ற பேச்சு, இன்று அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் இடத்தில் போய் நிற்கிற இன்னொருத்தி வீட்டு ஆளுக்குத்தான் தினமும் காலையில் தேவைப்படுகிறது.